நர்சிங்கில் சேருமுன்: ஊசி, கணக்கு, விநாடி முள்

பிளஸ் டூ தேர்வு முடிந்து, நர்சிங்தான் என்று முடிவாகிவிட்டால், சொந்தத்தில் யாராவது ஓர் அக்கா தன் பழைய உடற்கூறியல் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார். வாங்கி அலமாரியில் வையுங்கள். இப்போதைக்குத் திறக்க வேண்டாம். 206 எலும்பையும் கல்லூரியில் எப்படியும் நடத்துவார்கள், டெஸ்ட் மேல் டெஸ்ட் வைத்து வாங்கிவிடுவார்கள். கல்லூரியில் யாருக்கும் நின்று சொல்லித்தர நேரம் இல்லாத, ஆனால் முதல் செமஸ்டரில் வார்டுக்குள் கால் வைத்த அன்றே தேவைப்படுகிற சங்கதிகள் சில உண்டு. கோடை விடுமுறை அவற்றுக்குத்தான்.

நாள் கணக்குப் பார்த்து முதலில் தொடங்க வேண்டியது, கல்லீரலைத் தாக்கும் வைரஸ் நோயான ஹெபடைட்டிஸ் பி-க்கான தடுப்பூசி. மூன்று ஊசி: இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, முதல் ஊசியிலிருந்து ஆறாம் மாதம் ஒன்று. ஏப்ரலில் போட்டால் அக்டோபரில் முடியும். அரசுக் கவுன்சலிங் முடிந்து வகுப்பு தொடங்கும் நேரமும் பெரும்பாலும் அதை ஒட்டித்தான் வரும். கல்லூரியில் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், பாதுகாப்பு முழுமையாவதற்கு முன்பே ஊசியும் ரத்தமும் கையாள வேண்டியிருக்கும். நோயாளிக்குப் போட்ட ஊசி தவறிக் கையில் குத்தினால் எச்.ஐ.வி. தொற்ற வாய்ப்பு ஏறக்குறைய 300-இல் ஒன்று. ஹெபடைட்டிஸ் பி என்றால், தடுப்பூசி போடாதவருக்கு 100-க்கு 6 முதல் 30 வரை. எல்லோரும் பயப்படுவது முன்னதற்கு. பயப்பட வேண்டியது பின்னதற்கு, அதற்குத்தான் தடுப்பூசி இருக்கிறது.

'சின்னதில் போட்டாச்சு' என்று அம்மா சொல்வார். அட்டையை எடுத்துப் பாருங்கள். ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசியான பென்டாவேலன்ட் தமிழ்நாட்டில் வந்தது 2011 டிசம்பரில். அதற்கு முன் பிறந்தவர்களில் ஹெபடைட்டிஸ் பி தனியாகப் போட்டவர்களும் உண்டு, போடாதவர்களும் உண்டு. அட்டையில் மூன்று முறை போட்டதாக இருந்தால் எதிர்ப்புச் சக்தியின் அளவைக் காட்டும் ஆன்டி-எச்.பி.எஸ். என்ற ரத்தப் பரிசோதனை போதும். 10 அல்லது அதற்கு மேல் இருந்தால் சரி. குறைவாக இருந்தால் ஒரு ஊசி கூடுதலாகப் போட்டுவிட்டு, ஒன்றிரண்டு மாதத்தில் மறுபடி பார்க்கச் சொல்வார்கள். அட்டையே இல்லை என்றால் மூன்றையும் புதிதாகப் போடுவதுதான் சுலபம். நடுவில் ஒரு தவணை தள்ளிப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து போடலாம். ஊசி தோள்பட்டைச் சதையில்தான் போட வேண்டும். இடுப்பில் போட்டால் கொழுப்பில் தங்கி எதிர்ப்புச் சக்தி சரியாக உண்டாகாமல் போகும்.

அம்மை வந்திருக்கிறதா என்றும் வீட்டில் கேளுங்கள். நம் பக்கம் 'அம்மன் இறங்கியிருந்தா' என்று நாளும் மாதமும் சொல்லும் ஆச்சிகள் இருப்பார்கள், அந்தச் சாட்சி ஓரளவு நம்பத்தக்கதுதான். வந்ததே இல்லை என்றால் சின்னம்மைத் தடுப்பூசி இரண்டு தவணை போட்டுக்கொள்வது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். சின்னம்மை பெரியவர்களுக்குக் குழந்தைகளுக்கு வருவதைவிடக் கடுமையாக வரும்.

ஊசி போடப் போகிற அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபினையும் பார்த்துவிடலாம். பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. முதல் வாரம் வார்டில் மயங்கி விழுகிற பிள்ளைகளைப் பார்த்து 'ரத்தத்தைப் பார்த்துப் பயந்துட்டா' என்பார்கள். பாதிப் பேருக்குக் காரணம் பயம் இல்லை. காலையில் வெறும் டீயைக் குடித்துவிட்டு பஸ் ஏறுவது, ரத்தசோகை, முழங்காலை விறைப்பாக வைத்துக்கொண்டு ஒரே இடத்தில் நிற்பது, இந்த மூன்றும் சேர்ந்துதான் சாய்க்கிறது. காலில் இறங்கிய ரத்தத்தை மேலே தள்ளுவது கெண்டைக்கால் சதை. அசையாமல் நின்றால் அது வேலை செய்யாது. நிற்கும்போது குதிகாலை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கப் பழகுங்கள். கண் மங்கி, காது அடைத்து, வேர்த்தால் அது முன்னறிவிப்பு. வெட்கப்படாமல் அங்கேயே தரையில் உட்காருங்கள். டிரேயோடு விழுவதைவிட அது மேல்.

இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தால் சாப்பாட்டுக்குப் பிறகு எலுமிச்சைச் சாற்றோடு சாப்பிடலாம். டீ, காபியை ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். அவை இரும்பை உடம்பில் சேரவிடாது. மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், மாத்திரையின் வேலை அது.

இனி கணக்கு. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். மருந்துக் கணக்கு பெருக்கல், வகுத்தல், விகிதம், அவ்வளவுதான், எட்டாம் வகுப்புக்கு மேல் எதுவும் இல்லை. கால்குலேட்டர் இல்லாமல், பக்கத்தில் நாலு பேர் பேசிக்கொண்டிருக்க, தூக்கக் கலக்கத்தில் தப்பில்லாமல் போட வேண்டும் என்பதுதான் கஷ்டம். அதற்குப் பழக்கம் மட்டுமே வழி.

சொட்டுச் சொட்டாக ஏற்றும் சலைனில் தொடங்கலாம். 500 மில்லி சலைன் 4 மணி நேரத்தில் ஏற வேண்டும். மணிக்கு 125 மில்லி. இதை நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று மாற்ற வேண்டும். ஒரு மில்லிக்கு எத்தனை சொட்டு என்பது, சலைன் ஏற்றும் குழாயான ஐ.வி. செட்டின் உறையிலேயே அச்சாகியிருக்கும். சிலவற்றில் 20, சிலவற்றில் 15, குழந்தைகளுக்கான மைக்ரோ செட்டில் 60. அறுபது நிமிடத்தை உள்ளே போட்டுச் சுருக்கினால் குறுக்குவழி கிடைக்கும்: 20 சொட்டு செட் என்றால் மணிக்கான மில்லியை 3-ஆல் வகுங்கள், 15 என்றால் 4-ஆல், 60 என்றால் வகுக்கவே வேண்டாம். 125-ஐ 3-ஆல் வகுத்தால் 42, 4-ஆல் வகுத்தால் 31. உறையைப் பார்க்காமல் 15 சொட்டு செட்டில் 42 சொட்டு ஓடவிட்டால் நிமிடத்துக்கு 2.8 மில்லி, மணிக்கு 168 மில்லி இறங்கும். நாலு மணி நேரத்து பாட்டில் மூன்று மணி நேரத்தில் காலி. வாலிபனுக்கு ஒன்றும் ஆகாது. இதயம் பலவீனமான தாத்தாவுக்கு நுரையீரலில் நீர் கோத்து மூச்சு வாங்கும்.

மெடிக்கலில் ஒரு புது ஐ.வி. செட் வாங்குங்கள், பெரிய விலை இல்லை. உறைக்குள் ஊசி இருந்தால் மூடியைக் கழற்றாமல் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வீட்டில் தண்ணீர் நிரப்பிய பாட்டிலை ஜன்னல் கம்பியில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு, செட்டின் கூர்முனையை மூடியில் குத்துங்கள். கண்ணாடி பாட்டில் அல்லது கெட்டி பிளாஸ்டிக் என்றால் செட்டில் உள்ள காற்றுத் துளை மூடியைத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் கொஞ்ச நேரத்தில் சொட்டு நின்றுவிடும். வார்டில் 'சிஸ்டர், ஏற மாட்டேங்கு' என்று கூப்பிடும்போது முதலில் பார்க்க வேண்டிய இடங்களில் அதுவும் ஒன்று. சொட்டு விழும் அறையைப் பிதுக்கிப் பாதி அளவு நிரப்புங்கள். முழுக்க நிரம்பினால் சொட்டு கண்ணுக்குத் தெரியாது. பிறகு குழாயை நசுக்கிச் சொட்டின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் உருளையைத் தள்ளி, விநாடி முள் உள்ள கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்து 42-க்குக் கொண்டுவாருங்கள். கால் நிமிடத்துக்குப் பத்து, பதினொன்று என்று தோராயம் பிடித்து, முழு நிமிடம் எண்ணிச் சரிபாருங்கள். அரை மணி கழித்து மறுபடி எண்ணினால் குறைந்திருக்கும். பாட்டிலில் மட்டம் இறங்கினால் அழுத்தம் குறையும், குழாயும் உருளை பிடித்த இடத்தில் கொஞ்சம் நசுங்கும். ஒருமுறை எண்ணி வைத்துவிட்டுப் போகக் கூடாது என்பது இப்படிக் கண்ணால் பார்த்தால் மறக்காது.

அடுத்தது மருந்தின் அடர்த்தி. 12 கிலோ குழந்தைக்குக் காய்ச்சல். கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் 180 மில்லிகிராம் பாரசிட்டமால் என்று எழுதியிருக்கிறது. சிரப் 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ளதாகவும் வருகிறது, 250 உள்ளதாகவும் வருகிறது. முதலாவதில் 7.5 மில்லி, இரண்டாவதில் 3.6 மில்லி. பழைய பாட்டிலின் ஞாபகத்தில் புது பாட்டிலிலிருந்து 7.5 எடுத்தால் 375 மில்லிகிராம், இரட்டிப்புக்கும் மேல். கணக்கு சரியாகப் போட்டும் தப்பு வருவது இப்படித்தான். பாட்டிலைப் படித்துவிட்டுத்தான் கணக்குக்கே போக வேண்டும்.

இன்சுலினில் இது இன்னும் மோசம். நம் ஊரில் 40 யூனிட் குப்பியும் உண்டு, 100 யூனிட் குப்பியும் உண்டு, அதாவது ஒரு மில்லியில் அத்தனை யூனிட். சிரிஞ்சும் இரண்டு வகை: 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால் உள்ளே போவது 50 யூனிட். ராத்திரியில் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கிவிடும். வீட்டில் யாராவது இன்சுலின் போட்டுக்கொள்கிறார்கள் என்றால், இன்றே குப்பியையும் சிரிஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

புள்ளி வைப்பதிலும் பழக்கம் வேண்டும். அரை மில்லிகிராமை 0.5 என்றுதான் எழுத வேண்டும், முன்னால் சைபர் இல்லாத .5 மங்கிய தாளில் 5 ஆகிவிடும். ஐந்தை 5.0 என்று எழுதினால் 50 ஆகிவிடும். யூனிட் என்பதைச் சுருக்கி ஆங்கில 'யு' என்று மட்டும் எழுதினால் சைபர் போலத் தெரியும், 4 யூனிட் 40 ஆகிவிடும். சதவீதத்தையும் கையோடு படித்துக்கொள்ளுங்கள்: 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் என்றால் 100 மில்லியில் 25 கிராம். ஒன்றுக்கு ஆயிரம் அட்ரினலின் என்றால் ஒரு மில்லியில் ஒரு மில்லிகிராம், ஒன்றுக்குப் பத்தாயிரம் என்றால் அதில் பத்தில் ஒரு பங்கு. தரையில் சிந்திய ரத்தத்துக்கு ஊற்ற, 5 சதவீத ஹைப்போகுளோரைட் கிருமிநாசினியை ஒரு சதவீதமாக்க ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர். ஐந்து பங்கு ஊற்றுகிறவர்கள்தான் அதிகம். மொத்தம் ஐந்து பங்கு வர வேண்டும், சேர்ப்பது நாலு. ஒரு நாளைக்குப் பத்துக் கணக்கு, கடிகாரம் வைத்துப் போட்டுவந்தால் ஜூன் சாரல் விழும்போது கை தானாக ஓடும்.

கை என்றதும் நாடி. மணிக்கட்டில் பெருவிரல் பக்கம் மூன்று விரல் வைத்துப் பிடியுங்கள், உங்கள் பெருவிரலால் பிடிக்காதீர்கள். அதற்குள்ளும் நாடி ஓடுவதால் உங்கள் துடிப்பையே எண்ணிவிடுவீர்கள். ரொம்ப அழுத்தினால் துடிப்பு மறைந்துவிடும். பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்குவது சீராக ஓடுகிற நாடிக்குச் சரி. சில வயதானவர்களிடம் இரண்டு துடிப்பு சேர்ந்து வந்து ஒன்று விட்டுப்போகும், அங்கே முழு அறுபது விநாடிதான். எண்ணி முடித்ததும் கையை விடாமல், நாடி பார்ப்பது போலவே வைத்துக்கொண்டு மார்பைப் பார்த்து மூச்சை இன்னொரு நிமிடம் எண்ணுங்கள். மூச்சு பார்க்கிறேன் என்று சொன்னால் எல்லோரும் மூச்சை மாற்றிவிடுவார்கள். பெரியவருக்கு 12 முதல் 20 வரை இயல்பு. எந்நேரமும் 20 என்றே எழுதி வைக்கும் வார்டுகள் உண்டு. அந்தப் பழக்கம் உங்களுக்கு ஒட்டாமல் இருக்க வேண்டுமென்றால் இப்போதே உண்மையாக எண்ணிப் பழக வேண்டும்.

வீட்டில் பி.பி. மிஷின் இருந்தால் அதையும் பயன்படுத்தலாம். ஐந்து நிமிடம் உட்காரவைத்து, முதுகு சாய்ந்து, கால் பிணையாமல், கை இதய மட்டத்தில் மேஜை மேல் இருக்க வேண்டும். பட்டை முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே. ஜாக்கெட் கையைச் சுருட்டி இறுக்கிவிட்டு அதன் கீழே கட்டினாலும், கை தொங்கினாலும், பேசிக்கொண்டிருந்தாலும், சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தாலும் அளவு மாறும். தடித்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் இல்லாத பி.பி. வந்துவிடும். கையால் பம்ப் அடிக்கும் கருவி கிடைத்தால், முதலில் நாடியைப் பிடித்துக்கொண்டு அது மறையும் வரை ஏற்றி, அதற்கு மேல் 30 மி.மீ. ஏற்றி, விநாடிக்கு 2 மி.மீ., அதாவது ஒரு கோடு வீதம் இறக்குங்கள். வேகமாக இறக்கினால் மேல் அளவு குறைவாகவும் கீழ் அளவு கூடுதலாகவும் கேட்கும்.

தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் பயம் இருக்கும். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குக் காசு கட்டுமுன் இதைச் செய்து பாருங்கள். பிளஸ் ஒன் விலங்கியல் பாடநூலின் தமிழ், ஆங்கிலப் பதிப்புகள் இரண்டையும் பாடநூல் கழக இணையதளத்தில் இறக்கிக்கொள்ளுங்கள். செரிமானம், சுவாசம், ரத்த ஓட்டம், கழிவு நீக்கம், நரம்பு, நாளமில்லாச் சுரப்பி என்று முதலாண்டு உடலியலின் முன்னோட்டம் அதிலேயே இருக்கிறது, பாதி பாடம் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். தமிழில் ஒரு பத்தி, அதே பத்தி ஆங்கிலத்தில், பிறகு ஆங்கிலப் பத்தியை வாய்விட்டுப் படிப்பது. ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் போதும். ஹைப்போ என்றால் குறைவு, ஹைப்பர் என்றால் அதிகம். காதில் ஒன்று போலவே விழும் இந்த இரண்டையும் போனில் சொல்லும்போது 'லோ', 'ஹை' என்று கூடவே சேர்த்துச் சொல்லிப் பழகுங்கள்.

இங்கிலீஷைவிட முக்கியமானது நோயாளியின் தமிழ், அது உங்களுக்கு ஏற்கெனவே கைவந்தது. வெளியூர்ப் பிள்ளைகள் திணறும் இடம் இது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு வரும் ஆச்சி 'மேலுக்குச் சரியில்ல, கிறுகிறுன்னு வருது, ஓங்கரிக்கு, வயித்தால போவுது' என்பார். உடம்பு சரியில்லை, தலை சுற்றுகிறது, குமட்டுகிறது, பேதியாகிறது என்று அர்த்தம். அதை வைத்து அடுத்த கேள்வியைச் சரியாகக் கேட்பதுதான் வேலை. 'வயித்தால போவுது ஆச்சி, சரி, காலையிலிருந்து எத்தனை தடவ? ஒண்ணுக்குக் கடைசியா எப்பப் போனீங்க?' இரண்டாவது கேள்வியில்தான் உடம்பில் நீர் எவ்வளவு வற்றியிருக்கிறது என்பது தெரியும். 'நெஞ்சக் கரிக்கு' என்று ஐம்பது தாண்டிய அண்ணாச்சி சொன்னால், வேர்த்துதா, தோள், தாடைப் பக்கம் இழுக்குதா, நடந்தால் கூடுதா என்று கேட்காமல் வாயுவுக்கு மாத்திரை வாங்க அனுப்பிவிடக் கூடாது. சர்க்கரைக்காரருக்கு மாரடைப்பு வெறும் கரிப்பாகவும் வரலாம், வலியே இல்லாமலும் வரலாம். இந்தக் கேள்விகளை வீட்டுப் பெரியவர்களிடமே கேட்டுப் பழகலாம். அவர்களுக்கும் யாராவது கேட்டால் சந்தோஷம்தான்.

காகித வேலைக்கு வருவோம். சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாம் இ-சேவை மையத்தில் விண்ணப்பிப்பவை. ரிசல்ட் வந்த வாரத்தில் கூட்டம் அலைமோதும், ஏப்ரலிலேயே போடுங்கள். ஆதாரில் உள்ள பெயரும் மதிப்பெண் பட்டியலில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இனிஷியல் முன்னாலா பின்னாலா என்பதில்தான் பாதிச் சிக்கல். ஒரிஜினல்களைக் கல்லூரியில் கொடுக்குமுன் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் உண்டு, பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன். பணம் ஆதாரோடு சேர்த்த வங்கிக் கணக்குக்குத்தான் வரும். வங்கியில் ஆதார் நகல் கொடுத்திருப்பது வேறு, அரசுப் பணம் வருவதற்காக ஆதாரைக் கணக்கோடு இணைப்பது வேறு. இரண்டாவதைத் தனியாகக் கேட்டு உறுதிசெய்யுங்கள். முக்கூடல், ஆலங்குளம் பக்கம் அம்மா பீடி சுற்றுகிறார் என்றால், அவரது பீடித் தொழிலாளர் அடையாள அட்டையை வைத்துப் பிள்ளைகளுக்கான மத்திய அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். அட்டை இருந்தும் கேட்காமல் விடும் வீடுகள் எத்தனையோ.

கல்லூரி இன்னும் முடிவாகவில்லை என்றால் ஒன்று. பஸ் ஸ்டாண்டுச் சுவரிலும் மின்கம்பத்திலும் 'ஒரு வருட நர்சிங், உடனடி வேலை' என்று ஒட்டியிருக்கும் நோட்டீஸ்களை நம்பிப் பணம் கட்டாதீர்கள். பிளஸ் டூ முடித்தவர் தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவுபெற வழி, ஏ.என்.எம். எனும் துணைச் செவிலியர் படிப்பு இரண்டு வருடம், ஜி.என்.எம். எனும் செவிலியர் டிப்ளமா மூன்று வருடம், பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடம், இவைதான். ஆறு மாத, ஒரு வருட உதவியாளர் படிப்புகளில் சேர்ந்தால் உதவியாளர் வேலைக்குப் போகலாம், ஆனால் பதிவு கிடைக்காது. அரசு வேலைக்கோ வெளிநாட்டுக்கோ நர்ஸாகப் போக முடியாது. தனியார் கல்லூரி என்றால் இந்திய நர்சிங் கவுன்சில், மாநிலக் கவுன்சில் இரண்டின் பட்டியலிலும், பி.எஸ்சி. என்றால் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகப் பட்டியலிலும் பெயர் இருக்கிறதா என்று நீங்களே இணையதளத்தில் பாருங்கள். சுவரில் மாட்டிய சான்றிதழைக் காட்டினால் போதாது. எந்த ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்கு அனுப்புகிறீர்கள், அங்கே எத்தனை படுக்கை என்று கேளுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் எழுந்து வந்துவிடலாம்.

கடைசியாகக் கடை வேலை. ஸ்டெதாஸ்கோப்பையும் சீருடையையும் இப்போது வாங்க வேண்டாம், கல்லூரி ஒரு நிறம், ஒரு வகை சொல்லும். மற்றவற்றில் அவசியமானது விநாடி முள் உள்ள கடிகாரம் ஒன்று. முழங்கைக்குக் கீழே கை வெறுமையாக இருக்கச் சொல்லும் இடங்களில் மணிக்கட்டில் கட்ட விடமாட்டார்கள், சட்டையில் குத்தும் கடிகாரம் என்றால் இரண்டுக்கும் ஆகும். நகத்தை ஒட்ட வெட்டிப் பழகுங்கள். ஷூவும் அவர்கள் நிறம் சொன்ன பிறகுதான், ஆனால் சாயங்காலம் போய் வாங்குங்கள். நெல்லை வெயிலில் நாள் முழுக்க நின்றால் கால் வீங்கும், காலையில் சரியாக இருந்த அளவு மத்தியானம் கடிக்கும். விரலுக்கு முன்னால் கட்டை விரல் அகலம் இடம் இருக்க வேண்டும், முன்பக்கம் மூடியிருக்க வேண்டும், அடிப்பாகம் ஈரத் தரையில் வழுக்கக் கூடாது. பருத்திக் காலுறை இரண்டு ஜோடி போதாது, நாலாக வாங்குங்கள். வாங்கிய ஷூவை வகுப்பு தொடங்கும் அன்று புதிதாகப் போடாமல், ஒரு வாரம் முன்பே வீட்டுக்குள் போட்டு நடந்து பழகிவிடுங்கள். குதிகாலில் கொப்புளத்தோடு வார்டில் நிற்பது பெரிய கொடுமை.